நெஞ்சு படபடக்கிறதா? குடித்த கோப்பைகளையும் எண்ணிப் பாருங்கள்

இரண்டு வருடங்களுக்கு முன்னர், மழைக்காலத்து இரவொன்றில், அதிகாலை இரண்டு மணிக்கு நான் சாகப்போகிறேன் என்று உறுதியாக நம்பினேன்.

விடிவதற்குள் அனுப்பவேண்டிய கட்டுரை பாதியில் நின்றது. மேசையில் நான்காவது கோப்பி ஆறிப்போய் இருந்தது. திடீரென நெஞ்சு அடிக்கும் சத்தம் காதுக்குள் கேட்டது. கைவிரல்கள் நடுங்கின. எவ்வளவு இழுத்தாலும் மூச்சு போதவில்லை. பக்கத்து அறையில் நித்திரையாக இருந்த அம்மாவை எழுப்பினேன். அவர் நெஞ்சைத் தடவிவிட்டபடி சுவாமிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணித்தியாலத்தில் எல்லாம் அடங்கியது. ஆனால் அடுத்த கிழமையும் அது வந்தது. அதற்கடுத்த கிழமை இரண்டு முறை வந்தது.

ஈ.சி.ஜி எடுத்தார்கள், பிழையில்லை. இரத்தத்தில் சீனி, தைரொயிட் எல்லாம் சரி. ஒரு வைத்தியர், "உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை, கனக்க யோசிக்காதைங்கோ" என்று அனுப்பிவிட்டார். இன்னொருவர் இது பதகளிப்பு நோயாக இருக்கலாம் என்றார். மருந்து எழுதப்போனவர், பேனையை மேசையில் வைத்துவிட்டு, அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வியொன்றைக் கேட்டார்: "ஒரு நாளைக்கு என்னென்ன குடிப்பீங்கள்? கடைசியாக எத்தனை மணிக்கு?"

நான் விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். ஒரு கை போதவில்லை.

சுயாதீன ஊடகவியலாளராக வேலைசெய்யும் எனக்கு, எந்தச் செய்தியையும் "மூலம் எது" என்று கேட்டுப் பழக்கம். என் உடம்பு சொன்ன செய்திக்கு மட்டும் அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தத் தவறிலிருந்து எழுதப்படுவது. கஃபீன் எங்கள் மனநிலையை என்ன செய்கிறது, எந்த அளவுக்கு மேல் அது தொந்தரவாகிறது, யார் கூடுதலாகக் கவனமாக இருக்கவேண்டும், எப்படிக் குறைக்கலாம் என்பவற்றை இயன்றவரை தெளிவாகச் சொல்ல முயல்கிறேன்.

கஃபீன் களைப்பைத் தீர்ப்பதில்லை

உலகில் ஆகக்கூடுதலான மக்கள் பாவிக்கும், மூளையில் வேலைசெய்யும் பொருள் கஃபீன்தான். 1819இல் ஜேர்மனிய இரசாயனவியலாளர் பிரீட்லீப் பெர்டினன்ட் ரூங்கே கோப்பிக் கொட்டையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். தேயிலை, கொக்கோ, கோலாக் கொட்டை ஆகியவற்றிலும் அதே பொருள்தான் இருக்கிறது. உலர்ந்த நிறையில் பார்த்தால் கோப்பிக் கொட்டையைவிடத் தேயிலையில்தான் கஃபீன் கூட. ஒரு கோப்பைக்கு நாங்கள் போடும் தூள் குறைவு என்பதால் தேநீரில் அது குறைந்து வருகிறது.

நாங்கள் விழித்திருக்கும் நேரம் முழுவதும் மூளையில் அடினோசீன் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது நரம்புக் கலங்களில் உள்ள தனக்குரிய வாங்கிகளில் பொருந்தும்போது, "போதும், இனி ஓய்வெடு" என்ற செய்தி போகிறது. அதுதான் களைப்பு, அதுதான் நித்திரைத் தூக்கம். கஃபீனின் வடிவம் அடினோசீனை ஒத்தது. அது அந்த வாங்கிகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது, ஆனால் எந்தச் செய்தியையும் அனுப்புவதில்லை. வேறொருவரின் கதிரையில் அமர்ந்து இடத்தை மறிப்பதுபோல.

ஆகவே கோப்பி குடித்ததும் களைப்பு போவதில்லை. களைப்பு இருக்கிறது என்ற செய்தி மட்டும் வந்து சேர்வதில்லை. அடினோசீன் பின்னால் சேர்ந்துகொண்டே இருக்கும். கஃபீன் விலகியதும் எல்லாம் ஒன்றாக வந்து இறங்கும். பின்னேரம் நாலு மணிக்குத் தலை கிறுகிறுத்து, "ஒரு தேத்தண்ணி குடிச்சால்தான் சரி" என்று தோன்றுவதில் இதற்கும் பங்குண்டு.

அதேவேளை கஃபீன் அதிரினலின் போன்ற சுரப்புகளையும் தூண்டுகிறது. இதயம் வேகமாக அடிக்கும், கை வியர்க்கும், தசைகள் இறுகும். ஆபத்தொன்றைக் கண்டால் உடம்பு எப்படித் தயாராகுமோ அதே நிலை. வெளியே ஆபத்து எதுவும் இல்லாதபோது, மனம் அந்தப் படபடப்புக்கு ஒரு காரணத்தைத் தேடும். கட்டவேண்டிய வாடகை, வராத பெறுபேறு, வீட்டில் நடந்த சண்டை என்று ஏதாவதொன்று கையில் அகப்படும். கவலைதான் படபடப்பைத் தந்தது என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். சில வேளைகளில் படபடப்புத்தான் கவலையைத் தேடிப் பிடித்திருக்கும்.

எங்கள் கோப்பைகளில் எவ்வளவு?

தூளின் தரம், போடும் அளவு, ஊறவிடும் நேரம் என்பவற்றைப் பொறுத்து இந்த அளவுகள் கூடிக் குறையும். ஆனாலும் பொதுவாக இப்படிச் சொல்லலாம்:

- ஒரு கோப்பை தேநீர் (பிளேன்ரீயோ பால்ரீயோ): 30 முதல் 50 மில்லிகிராம். நல்ல சாயமாக ஊற்றினால் இன்னும் கூட.
- ஒரு தேக்கரண்டி இன்ஸ்டன்ட் கோப்பி போட்ட கோப்பை: சுமார் 60 மில்லிகிராம்.
- வடித்த கோப்பி: 90 முதல் 100 மில்லிகிராம் வரை.
- 250 மில்லிலீற்றர் சக்திபானம்: பொதுவாக 80 மில்லிகிராம். 500 மில்லிலீற்றர் என்றால் 160.
- ஒரு ரின் கோலா: 30 முதல் 35 மில்லிகிராம்.
- கஃபீன் சேர்த்த பரசிட்டமோல் மாத்திரை: ஒன்றில் 65 மில்லிகிராம்.

ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் பயிற்சிக்கு முன் கரைத்துக் குடிக்கும் தூள்களை இந்தப் பட்டியலில் தனியாகக் குறிப்பிட வேண்டும். அவற்றில் ஒரு அளவையிலேயே 150 முதல் 300 மில்லிகிராம் வரை இருப்பதுண்டு. தூய கஃபீன் தூள் இன்னும் ஆபத்தானது. அதன் ஒரு தேக்கரண்டி, 28 கோப்பை கோப்பிக்குச் சமம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. அது உயிரைப் பறிக்கும் அளவு.

ஆரோக்கியமான வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை பாதுகாப்பானது என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2015இல் சொன்ன முடிவு. ஒரே தடவையில் எடுப்பதென்றால் 200. கர்ப்பிணித் தாய்மாருக்கு முழு நாளுக்குமே 200 தான். சிறுவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம்.

என் கணக்கை அன்றிரவு வீட்டில் போட்டுப் பார்த்தேன். இரண்டு கரண்டி போட்ட கோப்பி நான்கு: 480. தேநீர் மூன்று: 120. சந்திக் கடையில் வாங்கும் சக்திபானம் ஒன்று: 80. மொத்தம் 680 மில்லிகிராம். அதில் பாதிக்கு மேல் இரவு எட்டு மணிக்குப் பிறகு குடித்தது.

பதகளிப்பா, கஃபீனா?

இந்தக் குழப்பம் புதிதல்ல. 1974இல் ஜோன் கிரேடன் என்ற அமெரிக்க மனநல வைத்தியர், "பதகளிப்பா, கஃபீன் மிகையா" என்ற கேள்வியையே தலைப்பாக்கி அமெரிக்க உளமருத்துவச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் வரும் 27 வயதுத் தாதி ஒருவரின் கதையை வாசித்தபோது என்னையே வாசித்ததுபோல இருந்தது.

அவருக்குத் தலைச்சுற்று, நடுக்கம், மூச்சுத் திணறல், ஒழுங்கற்ற இதயத் துடிப்பு. இராணுவ வைத்தியசாலையில் சோதித்தவர்கள் உடலில் குறையொன்றையும் காணவில்லை. கணவரை வியட்நாமுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தினால் வந்த பதகளிப்பு என்று முடிவுசெய்தார்கள். கேட்பதற்கு நியாயமான விளக்கம்தான். ஆனால் அந்தத் தாதி அதை ஏற்கவில்லை. தான் சாப்பிடுவதையும் குடிப்பதையும் கவனிக்கத் தொடங்கினார். புதிதாக வாங்கிய வடிகோப்பிப் பாத்திரம் நல்ல கோப்பி தருகிறது என்பதற்காகத் தினமும் 10, 12 கோப்பை கடுங்கோப்பி குடித்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவந்தது. ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல். கோப்பியை நிறுத்தி 36 மணித்தியாலங்களுக்குள் அறிகுறிகள் ஏறத்தாழ முழுவதும் மறைந்தன.

ஏற்றுக்கொள்ளத்தக்க கவலை ஒன்று கைவசம் இருந்ததால்தான் வேறு காரணத்தை எவரும் தேடவில்லை என்பதே இக்கதையில் நாங்கள் கவனிக்கவேண்டியது. எங்கள் நாட்டில் கவலைக்கான காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆகவே இந்தத் தவறு இங்கே நடப்பதற்கு இடம் அதிகம்.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 கைநூல், கஃபீன் நச்சுநிலை, கஃபீன் விலகல் நிலை, கஃபீனால் தூண்டப்படும் பதகளிப்பு, கஃபீனால் தூண்டப்படும் நித்திரைக் கோளாறு ஆகியவற்றை நோய்நிலைகளாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 வகைப்படுத்தலிலும் கஃபீனுக்குத் தனி இடமுண்டு. கஃபீனுக்கு "அடிமையாதல்" என்பது ஒரு நோயா என்ற கேள்விக்கு மட்டும் டி.எஸ்.எம்-5 முடிவு சொல்லவில்லை. மேலும் ஆராயவேண்டிய நிலைகளின் பட்டியலில் அதை வைத்திருக்கிறது.

நச்சுநிலைக்கு அந்தக் கைநூல் தரும் அறிகுறிகள் இவை: இருப்புக்கொள்ளாமை, பதற்றம், மிகைக் கிளர்ச்சி, நித்திரையின்மை, முகம் சிவத்தல், அடிக்கடி சிறுநீர் கழித்தல், வயிற்றுக் குழப்பம், தசைத் துடிப்பு, தொடர்பில்லாமல் ஓடும் எண்ணமும் பேச்சும், வேகமான அல்லது ஒழுங்கற்ற இதயத் துடிப்பு, களைப்பே தெரியாத நேரங்கள், ஓரிடத்தில் இருக்க முடியாத பரபரப்பு. பொதுவாக 250 மில்லிகிராமுக்கு மேல் எடுத்த பின்னர் இவற்றில் ஐந்தோ அதற்கு மேலோ தோன்றி, அன்றாட வாழ்க்கையைக் குழப்பினால் அது நச்சுநிலை.

பீதித் தாக்கம் ஏற்கெனவே உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூட. அவர்களுக்கு நான்கைந்து கோப்பை கோப்பிக்குச் சமமான கஃபீனை ஒரே தடவையில் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், சுமார் பாதிப்பேருக்குப் பீதித் தாக்கம் வந்திருக்கிறது. அந்த நோய் இல்லாதவர்களிடம் அப்படி வந்தது மிக அரிது.

இழக்கும் நித்திரை

கஃபீன் மனநலத்தைத் தாக்கும் முக்கியமான வழி நித்திரைதான் என்பேன். உடம்பில் சேர்ந்த கஃபீனில் பாதி வெளியேறுவதற்குச் சராசரியாக ஐந்து மணித்தியாலம் எடுக்கும். மாலை 6 மணிக்கு 200 மில்லிகிராம் குடித்தால், இரவு 11 மணிக்கு 100 மீதி இருக்கும். அதிகாலை 4 மணிக்கும் 50 இருக்கும். அது ஒரு கோப்பை தேநீரின் அளவு. நித்திரையில் இருக்கும் ஒருவரை எழுப்பித் தேநீர் பருக்குவதற்கு நிகரானது அது.

2013இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், படுக்கைக்கு ஆறு மணித்தியாலங்களுக்கு முன்னர் 400 மில்லிகிராம் கஃபீன் எடுத்தவர்கள்கூட ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நித்திரையை இழந்தார்கள். "நான் கோப்பி குடிச்சிட்டும் நல்லாப் படுப்பன்" என்று சொல்பவர்கள் பலர். படுத்ததும் கண் மூடலாம். ஆனால் ஆழ்ந்த நித்திரை குறையும். காலையில் எழும்பும்போதே களைப்பு. களைப்புக்குக் கோப்பி. அந்தக் கோப்பியால் அன்றிரவும் நித்திரை குறையும். வாரக்கணக்கில் இப்படிப் போனால் எரிச்சல், மறதி, காரணமில்லாத அழுகை, எதிலும் பிடிப்பின்மை என்று வரத் தொடங்கும். நித்திரையின்மை மனச்சோர்வின் அறிகுறி மட்டுமல்ல, மனச்சோர்வைக் கொண்டுவரும் காரணிகளில் ஒன்றும்கூட.

போர்க்கால இழப்புகளோடு வாழ்பவர்கள் பலருக்கு இரவு என்பது ஏற்கெனவே கடினமான நேரம். கெட்ட கனவு, சிறு சத்தத்துக்கும் திடுக்கிட்டு எழுதல், எழுந்தால் பிறகு படுக்க முடியாமை. "எப்படியும் நித்திரை வராதுதானே" என்று அடுப்பை மூட்டி ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு திண்ணையில் இருப்பவர்களை எங்கள் ஊர்களில் காணலாம். அந்தத் தேநீர் அவர்களுக்குத் துணைதான். ஆனால் எச்சரிக்கை நிலையிலேயே இருக்கும் ஒரு நரம்புத் தொகுதியை அது மேலும் எச்சரிக்கையாக்கும். அந்த நேரத்துக்கு மல்லித் தண்ணியோ சுடுபாலோ அதே துணையைத் தரலாம்.

உயர்தரப் பரீட்சையும் உயரமான ரின்களும்

என் சித்தியின் மகன் கடந்த வருடம் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் அவனுடைய அறைக்குப் போனபோது, மேசைக்கடியில் சக்திபான ரின்கள் வரிசையாக இருந்தன. பெரிய அளவு ரின்கள். "ரியூசன் முடிஞ்சு வரவே எட்டு மணி அக்கா. இது இல்லாட்டி ஒரு பாடமும் பார்க்கேலாது" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்ப கொஞ்ச நாளா பேப்பரைக் கண்டாலே கை நடுங்குது" என்றான்.

அவனுடைய நிறை 50 கிலோ. கிலோவுக்கு மூன்று என்றால் அவனுக்குரிய எல்லை 150 மில்லிகிராம். ஒரு பெரிய ரின்னிலேயே 160 இருந்தது. அவன் இரவில் இரண்டு குடித்தான், காலையில் தேநீர் வேறு.

எங்கள் நாட்டில் 2016 முதல் மென்பானங்களில் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளங்கள் இருக்கின்றன. அது நல்ல நடைமுறை. ஆனால் அந்த நிறம் சீனியைப் பற்றி மட்டுமே சொல்கிறது. சீனியில்லாத சக்திபானத்தின் பச்சை நிறத்தைப் பார்த்துப் பெற்றோர் நிம்மதியடையலாம். கஃபீனின் அளவைப் பார்க்க, ரின்னைத் திருப்பிப் பொடி எழுத்தைத் தேடவேண்டும். லித்துவேனியா 2014இலும், லத்வியா 2016இலும், போலந்து 2024 ஜனவரியிலும் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சக்திபானம் விற்பதைத் தடைசெய்தன. பிரித்தானியாவின் பெரிய பல்பொருள் அங்காடிகள் 2018இல் தாங்களாகவே 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்பதை நிறுத்தின.

மாணவர்களிடம் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். பகலில் படித்தவை நினைவில் பதிவது நித்திரையில். கஃபீனைக் கொண்டு வாங்கும் இரண்டு மணித்தியாலத்துக்காக, படித்ததைச் சேமிக்கும் நேரத்தை விற்கிறீர்கள். கை நடுங்கும்போது, "எனக்குப் பரீட்சைப் பயம் வந்துவிட்டது, நான் கெட்டித்தனம் இல்லாதவன்" என்று முடிவெடுப்பதற்கு முன்னர், அன்று என்ன குடித்தீர்கள் என்று பாருங்கள்.

எல்லாருக்கும் ஒரே அளவல்ல

அதே கோப்பியை அம்மம்மா குடித்துவிட்டுக் குறட்டை விடுவார், பேத்திக்கு விடியும்வரை கண் மூடாது. இது மனப்பிரமை அல்ல. கஃபீனைச் சிதைப்பது ஈரலில் உள்ள சி.வை.பி.1ஏ2 என்ற நொதியம். அது சிலருக்குப் பரம்பரையாகவே வேகமாகவும் சிலருக்கு மெதுவாகவும் வேலைசெய்கிறது. அடினோசீன் வாங்கிகளின் மரபணுவிலும் வேறுபாடுகள் உண்டு. சிலருக்குக் குறைந்த அளவு கஃபீனே பதகளிப்பைத் தருவது இதனால்தான்.

கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்குக் கஃபீன் வெளியேற ஏறத்தாழ இரட்டிப்பு நேரம் எடுக்கிறது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இன்னும் கூட. புகைப்பவர்களுக்கு மாறாக, அந்த நொதியம் வேகமாக இயங்கும். இதனால் புகைத்தலை விட்டவர் பழைய அளவிலேயே கோப்பி குடித்தால், இரத்தத்தில் கஃபீன் ஏறும். "சிகரெட்டை விட்டதிலிருந்து ஒரே பதற்றம்" என்பவர்களின் பதற்றத்தில் ஒரு பங்கு கோப்பியுடையதாக இருக்கலாம்.

மனநல மருந்து எடுப்பவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியவை சில:

- லித்தியம்: கஃபீன் லித்தியத்தைச் சிறுநீரோடு கூடுதலாக வெளியேற்றும். நிறையக் குடித்துவந்தவர் திடீரென நிறுத்தினால் இரத்தத்தில் லித்தியத்தின் அளவு உயர்ந்து ஆபத்தாகலாம்.
- குளோசபின்: இதையும் கஃபீனையும் சிதைப்பது அதே நொதியம். கஃபீன் கூடினால் மருந்தின் அளவும் இரத்தத்தில் கூடலாம்.
- புளுவொக்சமின்: இந்த மருந்து அந்த நொதியத்தைத் தடுக்கிறது. ஒரு கோப்பி பல மடங்கு நேரம் உடம்பில் நிற்கும்.
- இருதுருவ மனநிலைக் கோளாறு உள்ளவர்கள்: அளவுக்கதிகமான கஃபீனும் அதனால் இழக்கும் நித்திரையும் மிகைமனநிலைக் கட்டத்தைத் தூண்டக்கூடும்.

இவர்கள் கூட்டுவதையோ குறைப்பதையோ வைத்தியருக்குச் சொல்லிவிட்டே செய்யவேண்டும்.

கோப்பியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவேண்டாம்

நடுநிலையாகச் சொல்வதானால், அளவான கோப்பி மனநலத்துக்குக் கெடுதி என்பதற்குச் சான்று இல்லை. 50,000க்கு மேற்பட்ட அமெரிக்கத் தாதியரைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து, 2011இல் வெளியான ஆய்வொன்றில், நாளுக்கு நான்கு கோப்பையோ அதற்கு மேலோ கோப்பி குடித்த பெண்களிடம் மனச்சோர்வு வரும் சாத்தியம் 20 வீதம் குறைவாகக் காணப்பட்டது. கோப்பிதான் அவர்களைக் காத்தது என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. ஆனால் கோப்பி எல்லாருக்கும் நஞ்சு என்று சொல்லவும் முடியாது.

எங்கள் வீடுகளில் கோப்பி என்பது வெறும் பானமும் அல்ல. மல்லியும் சீரகமும் வேர்க்கொம்பும் சேர்த்து இடித்த தூளின் வாசம், சிவராத்திரி இரவு, செத்தவீட்டில் விடியும்வரை இருப்பவர்களுக்குச் சுற்றிவரும் தட்டம் என்று அது எங்கள் உறவுகளோடு கலந்தது. மலையகத்திலோ தேயிலை ஒரு சமூகத்தின் வரலாறே. அளவும் நேரமும்தான் இங்கே பேச்சு.

குறைப்பது எப்படி?

நான் செய்த முதல் தவறு, அன்றே எல்லாவற்றையும் நிறுத்தியது. மறுநாள் மத்தியானம் தலை பிளந்தது. இரண்டாம் நாள் எதைக் கண்டாலும் எரிச்சல், ஒரு வசனம் எழுத முடியவில்லை, காரணமின்றி அழுகை வந்தது. மனச்சோர்வு வந்துவிட்டதென்று பயந்தேன். அது கஃபீன் விலகல் நிலை. கடைசிக் கோப்பைக்குப் பிறகு 12 முதல் 24 மணித்தியாலத்தில் தொடங்கி, ஒன்றிரண்டு நாளில் உச்சமடைந்து, இரண்டு முதல் ஒன்பது நாள்வரை நீடிக்கும். நாளுக்கு 100 மில்லிகிராம் பழக்கப்பட்டவருக்கும் வரலாம். விரதத்தின் முதல்நாளிலும் நோன்பின் முதல் சில நாள்களிலும் வரும் தலையிடிக்கு, பசியோடு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே மெதுவாகப் போங்கள்:

1. ஒரு கிழமை எழுதிவையுங்கள். என்ன, எத்தனை மணிக்கு, எத்தனை கரண்டி, அன்று நெஞ்சும் நித்திரையும் எப்படி. மாத்திரைகளையும் சேர்த்து எழுதுங்கள்.
2. முதலில் இரவுக் கோப்பையை விடுங்கள். கடைசிக் கோப்பையை மத்தியானம் இரண்டு மணிக்குள் முடிக்கப் பழகுங்கள்.
3. இரண்டு மூன்று நாளுக்கொரு தடவை அரைக் கோப்பையோ அரைக் கரண்டியோ குறையுங்கள். இரண்டு மூன்று கிழமை எடுத்துக்கொள்ளுங்கள்.
4. கை வெறுமையாக இருக்கவேண்டாம். மல்லித் தண்ணி, இஞ்சித் தண்ணி, ரணவரா, பெலிமல் ஆகியவற்றில் கஃபீன் இல்லை.
5. தலையிடிக்கு மாத்திரை போடுவதானால், அதில் கஃபீன் சேர்ந்திருக்கிறதா என்று உறையைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. நெஞ்சு நோ, மயக்கம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்றால் கோப்பைகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். கஃபீனைக் குறைத்து இரண்டு மூன்று கிழமையாகியும் பதற்றமும் நித்திரையின்மையும் போகவில்லை என்றால், காரணம் வேறு. அதற்கு உதவி நாடுவதில் வெட்கமில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் மனநலச் சிகிச்சை நாள் எதுவென்று வெளிநோயாளர் பிரிவில் கேட்கலாம்.

மிஞ்சிய கேள்வி

மூன்றாவது கிழமை என் நெஞ்சு அடங்கியது. அதன் பின்னர் அந்த அதிகாலைப் பயம் ஒருமுறைகூட வரவில்லை. கதை அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கோப்பி போனதும், அது இதுவரை மறைத்துவைத்திருந்த களைப்பு வெளியே வந்தது. கட்டுரைக்கு இவ்வளவு என்று காசு வரும் தொழில் எனது. எழுதாத நாளுக்குச் சம்பளம் இல்லை. மூன்று பேர் செய்யவேண்டிய வேலையை இரவில் ஒருவராகச் செய்துகொண்டிருந்தேன், அதைச் செய்ய முடியும் என்று கோப்பி என்னை நம்பவைத்தது. மீண்டும் அந்த வைத்தியரிடம் போனபோது அவர் சிரித்தார். "கோப்பியை விட்டிட்டீங்கள். ஏன் குடிச்சீங்கள் எண்டதுக்கு இனித்தான் பதில் தேடவேணும்" என்றார். நான் இப்போது மாதத்துக்கு இரண்டு கட்டுரை குறைவாக எழுதுகிறேன். வருமானமும் அந்த அளவுக்குக் குறைவு. அதைத் தாங்க முடியாத மாதங்களும் இருக்கின்றன.

சித்தியின் மகன் ரின்களை விட்டான். பரீட்சைக்கு முதல் மாதம் பதினொரு மணிக்குப் படுத்தான். பேப்பரைக் கண்டால் இன்னும் பயம்தான் என்கிறான், ஆனால் கை நடுங்குவதில்லை.

நான் இப்போது காலையில் ஒரு கோப்பி, மத்தியானம் ஒரு பிளேன்ரீ. இரவில் அம்மா மல்லித் தண்ணி ஊற்றித் தருவார். முதல் மிடறு குடிக்கும்போது, "நெஞ்சு எப்படிப் பிள்ளை?" என்று இன்னமும் கேட்பார்.